சங்குப்பூவின் நீலம்: ஏன் மாறுகிறது, எப்போது நிலைக்கிறது

ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்து ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீர் சிவந்துவிடும். அதைப் பார்த்து யாரும் மஞ்சளில் கலப்படம் என்று சொல்வதில்லை. ஆனால் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அது கண்ணெதிரே ஊதாவாக மாறும்போது இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. "இதில் ஏதோ கெமிக்கல் இருக்கிறது" என்கிறார்கள் சிலர். "நிறமே மாறுகிறது பாருங்கள், உடம்பில் உள்ள விஷத்தையெல்லாம் முறிக்கும்" என்கிறார்கள் வேறு சிலர். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடைகளில் நீலப் பானம் விற்கும் இடமெல்லாம் இந்த இரண்டு பேச்சையும் கேட்கலாம். இரண்டும் தவறு. நிறம் மாறும் விதம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் புலுட் எனும் ஒட்டரிசிப் பலகாரம் ஏன் பச்சையடித்தது, கேக் ஏன் சாம்பல் நிறமானது என்பதெல்லாம் தானே விளங்கிவிடும்.

எந்தப் பூ இது?

மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். தமிழில் சங்குப்பூ, காக்கணம், காக்கட்டான் எனப் பல பெயர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் கருவிளையும் செருவிளையும் உண்டு. கருவிளை நீலக் காக்கணம், செருவிளை வெள்ளைக் காக்கணம் என்பது உரை வழக்கு. தாவரவியலில் இதன் பெயர் கிளிட்டோரியா டெர்னாட்டியா. லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். டெர்னாட்டே என்பது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் ஒன்று.

இது அவரைக் குடும்பத்துக் கொடி. அவரைப் பூவில் பெரிய இதழ் மேலே கம்பத்துக் கொடிபோல் நிற்கும். சங்குப்பூவில் அது கீழே விரிந்திருக்கும், பூவே தலைகீழாகத் திரும்பியதுபோல. நடுவில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரு திட்டு. ஒற்றை இதழ் வகை, அடுக்கு வகை, வெள்ளை வகை மூன்றும் ஒரே இனம்தான். வெள்ளைப் பூவில் நீல நிறப்பொருள் இல்லை. எத்தனை பூவை ஊறவைத்தாலும் தண்ணீர் நீலமாகாது.

நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மண்ணை மூட விதைக்கும் மூடுபயிர்களில் சென்ட்ரோசீமா என்று ஒன்று உண்டு. அதன் பூவும் தலைகீழாகத்தான் இருக்கும், பார்க்க இதன் தங்கைபோலத் தோன்றும். வேலியோரம் தானாகப் படர்ந்திருப்பதைச் சங்குப்பூ என்று நினைத்துப் பறித்து வருபவர்கள் உண்டு. பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். சென்ட்ரோசீமாவில் ஒரு காம்புக்கு 3 சிற்றிலை, பூ வெளிறிய ஊதா. சங்குப்பூவில் 5 அல்லது 7 சிற்றிலை. எண்ணிப் பார்த்துவிட்டுப் பறித்தால் தவறு நேராது.

மஞ்சளும் சங்குப்பூவும் செய்வது ஒரே வேலை

ஒரு பொருள் நீலமாகத் தெரிகிறது என்றால், அதன் மேல் விழும் வெள்ளை ஒளியில் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை அது விழுங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். எந்தப் பகுதியை விழுங்குவது என்பதை அந்த மூலக்கூறின் அமைப்பு தீர்மானிக்கிறது. அமைப்பு கொஞ்சம் மாறினாலும் விழுங்கும் ஒளி மாறும், நம் கண்ணுக்குத் தெரியும் நிறமும் மாறும்.

அந்த அமைப்பை மாற்றுவது அமிலமும் காரமும். எலுமிச்சை, புளி, வினிகர் போன்றவை அமிலம். சுண்ணாம்பு, ஆப்ப சோடா, சோப்பு போன்றவை காரம். இவற்றை அளக்கும் கோல் பி.எச். எனப்படும். 0 முதல் 14 வரை போகும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்தக் கோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அதனால்தான் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறே ஒரு குவளையின் நிறத்தைப் புரட்டிப்போடுகிறது.

அமிலத்தில் ஹைட்ரஜன் துகள்கள் ஏராளம். அவை நிறப்பொருளின் மூலக்கூறில் ஒட்டிக்கொள்ளும். காரம் வந்தால் அவை பிடுங்கப்படும். ஒட்டுவதும் பிரிவதும்தான் நிறமாற்றம். மஞ்சள் கறை பட்ட வேட்டியைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் கறை சிவக்கிறது, அலசியதும் மறுபடி மஞ்சளாகிறது. அதே கதைதான். மஞ்சளின் நிறப்பொருள் வேறு, சங்குப்பூவின் நிறப்பொருள் வேறு, ஆனால் நிறம் மாறும் வழி ஒன்று.

சங்குப்பூத் தண்ணீர் பி.எச். 7க்கு அருகில் நல்ல நீலம். 4, 5 என்று இறங்கும்போது நீலத்தில் ஊதா கலக்கும். 3க்குக் கீழே போனால் செவ்வூதா, இன்னும் புளித்தால் இளஞ்சிவப்பு. மறுபக்கம் 8, 9 என்று ஏறினால் நீலம் பச்சையை நோக்கி நகரும். அதற்கும் மேலே கடுங்காரத்தில் பச்சை, கடைசியில் மஞ்சள். மஞ்சள் வரை கொண்டுபோனால் நிறப்பொருள் சிதைந்துவிடும். அங்கிருந்து எலுமிச்சை பிழிந்தாலும் பழைய நீலம் முழுதாகத் திரும்பாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நிறமாற்றம் என்பது தண்ணீரின் புளிப்பை மூலக்கூறு காட்டிக்கொடுப்பது. உடம்புக்குள் அது என்ன செய்யும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எல்லாப் பூவும் ஏன் இப்படி நீலம் தருவதில்லை?

பூக்களிலும் பழங்களிலும் சிவப்பு, ஊதா, நீலம் தரும் நிறப்பொருள் வகைக்கு அந்தோசயனின் என்று பெயர். ரோசெல், ஊதா முட்டைக்கோஸ், நாவல்பழம், செம்பருத்தி எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் பெரும்பாலான அந்தோசயனின்கள் புளிப்பில்தான் அழகாக இருக்கும். நடுநிலைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் மூலக்கூறுகள் அதன் நடுப்பகுதியைத் தாக்கும், நிறம் மங்கிப்போகும். ரோசெல் சாற்றில் ஆப்ப சோடா போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த அழுக்கு நிறம் தெரிந்திருக்கும்.

சங்குப்பூவின் அந்தோசயனினுக்கு டெர்னாடின் என்று தனிப்பெயர். அதன் நடுப்பகுதியில் இருந்து நீண்ட பக்கக் கைகள் கிளம்புகின்றன. அந்தக் கைகள் மடங்கி நடுப்பகுதியின் மேலும் கீழும் மூடிக்கொள்கின்றன. வாழையிலையில் நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டுவதுபோல. உள்ளே இருப்பதைத் தண்ணீர் எளிதில் தொட முடியாது. அதனால் நடுநிலையிலும், மென்மையான புளிப்பிலும்கூட நீலம் நிற்கிறது. இயற்கையில் உணவுக்கான நல்ல நீலம் மிக அரிது. இந்தப் பொட்டலம்தான் அதைச் சாத்தியமாக்குகிறது.

இதற்குச் சான்று செடியிலேயே இருக்கிறது. சங்குப்பூவில் இளஊதாப் பூ பூக்கும் வகை ஒன்று உண்டு. அதன் நிறப்பொருளை ஆராய்ந்தபோது நடுப்பகுதி அதேதான், ஆனால் அந்தப் பக்கக் கைகள் இல்லை என்று தெரிந்தது. கைகள் போனதும் நீலமும் போய்விட்டது.

செடியின் அடியில் சுண்ணாம்பு போட்டால் பூ இன்னும் நீலமாகும் என்பதும் பரவலான நம்பிக்கை. மண்ணின் புளிப்பைப் பொறுத்துப் பூ நிறம் மாறும் ஹைட்ரேஞ்சியா செடியைப் பற்றிக் கேட்டதை இதற்கு ஒட்டவைத்துவிட்டார்கள். இதழின் செல்லுக்குள் இருக்கும் சாற்றின் புளிப்பைச் செடியே வைத்துக்கொள்கிறது, மண் தீர்மானிப்பதில்லை. சுண்ணாம்பைக் கொட்டினால் வேர் சத்தை உறிஞ்ச முடியாமல் இலை வெளிறும். பூவின் நிறத்துக்கு ஒரு பயனும் இல்லை.

சமையலறையில் என்னென்ன தவறுகிறது?

பானத்துக்கு 250 மில்லி சுடுநீருக்கு 8 முதல் 10 உலர்ந்த பூ போதும். கொதித்து இறக்கி ஓரிரு நிமிடம் விட்ட தண்ணீரில் 5 நிமிடம் ஊறட்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். நீண்ட கொதியில் பொட்டலம் பிரிந்து நிறம் மங்கும், பச்சைப்பயற்று வாசனையும் ஏறும். இது தேயிலை கிடையாது, காஃபின் இல்லை. சுவையும் அநேகமாக இல்லை. இந்தப் பூவால் நீலமாக்கும் சோறான நாசி கெராபுவின் மணமும் ருசியும் உலாம் எனும் பச்சிலைகளாலும் கெரிசிக் எனும் வறுத்து அரைத்த தேங்காயாலும் வருவது, பூவால் வருவதில்லை. அதன் மேல் எலுமிச்சை பிழிந்ததும் சோற்றில் ஊதாத் திட்டுகள் தோன்றும். சோறு கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம்.

பினாங்கின் நியோன்யா பலகாரமான புலுட் தாய் தாய்க்குக் கணக்கு இது. 300 கிராம் புலுட் அரிசியைக் குறைந்தது 4 மணி நேரம் ஊறவைக்கவும். 30 புதுப் பூக்களை எடுத்து, பச்சைக் காம்புக் கிண்ணத்தைக் கிள்ளி எறியவும். அதை விட்டுவிட்டால் சாறு பச்சையடிக்கும். இதழ்களை 100 மில்லி சுடுநீரில் கசக்கி, துணியில் வடிகட்டவும். ஊறிய அரிசியில் மூன்றில் ஒரு பங்கை அந்தச் சாற்றில் இரண்டு மணி நேரம் போடவும். மீதி வெள்ளையாகவே இருக்கட்டும். இரண்டையும் தனித்தனியாக 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, 150 மில்லி தேங்காய்ப்பாலில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பிரித்துக் கிளறி, இன்னும் 15 நிமிடம் வேகவிடவும். பிறகு இரண்டையும் திட்டுத்திட்டாகக் கலந்து, வாழையிலை விரித்த தட்டில் கொட்டி, மேலே கனமான பொருளை வைத்துச் சில மணி நேரம் அழுத்த வேண்டும். சூடாக இருக்கும்போதே வெட்டினால் உதிர்ந்துவிடும். ஆறியதும் துண்டு போட்டு, காயாவோடு பரிமாறலாம்.

தேங்காய்ப்பால் மிக லேசான புளிப்புதான், நீலத்தைக் கெடுக்காது. குழாய்த் தண்ணீரில் கவனம் வேண்டும். மலேசியக் குடிநீர்த் தரம் சுத்திகரித்த நீரின் பி.எச். 6.5 முதல் 9.0 வரை இருக்க அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் காரப்பக்கம் சாய்ந்திருந்தால் நீலத்தில் பச்சைச் சாயல் தட்டும். ஊறும் தண்ணீரில் ஒரு துண்டு அசாம் கெப்பிங் (உலர்ந்த புளிப்புப் பழத்துண்டு) போட்டால் அது சரியாகிவிடும். நாலைந்து துண்டு போட்டால் ஊதாவாகிவிடும், அளவு முக்கியம்.

மிகப் பெரிய ஏமாற்றம் கேக்கில்தான் வருகிறது. மாவு கலக்கும்போது கண்ணைப் பறிக்கும் நீலம், ஓவனிலிருந்து வெளியே எடுத்தால் சாம்பல் பச்சை. காரணம் ஆப்ப சோடா. சோடா இல்லாமல், முட்டை அடித்த நுரையால் மட்டுமே எழும்பும் கேக்கிலும்கூட முட்டை வெள்ளைக்கரு காரமானது என்பதால், அடிக்கும்போதே சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால்தான் நீலம் தப்பும். கீ சாங் என்ற சீன ஒட்டரிசிப் பலகாரம் செய்யப் பயன்படும் காரநீர் சேர்ந்த எந்தப் பலகாரத்திலும் இந்தப் பூவை நம்ப வேண்டாம். பாத்திரம் கண்ணாடியாகவோ ஸ்டீலாகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும்.

சாறு அறைவெப்பத்தில் விரைவில் மங்கும், புளித்தும் போகும். அதிகமாக எடுத்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

எலுமிச்சைச் சோதனை எதைக் காட்டும்?

கடையில் வாங்கிய நீலப் பானத்தில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நீலம் அசையாமல் அப்படியே நின்றால் அது சங்குப்பூவின் நீலம் இல்லை, பெரும்பாலும் செயற்கைச் சாயம். உணவில் போடும் வழக்கமான செயற்கை நீலம் எலுமிச்சையின் புளிப்புக்கு மாறுவதில்லை. ஊதாவானால் உள்ளே அந்தோசயனின் உண்டு என்பது மட்டும் உறுதி. பூவோடு சாயமும் சேர்த்துக் கலந்திருந்தால் பாதி மாறி மந்தமான நிறத்தில் நிற்கும். ஆக, மக்கள் சொல்வதற்கு நேர் எதிராக, இங்கே சந்தேகப்பட வேண்டியது மாறாத நீலத்தைத்தான்.

மருந்து என்ற பேச்சு

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் சங்குப்பூச் சாற்றைச் சில உணவுகளில் நிறமூட்டியாகப் பயன்படுத்த அனுமதித்தது. அது நிறத்துக்கான அனுமதி. சர்க்கரை நோயையோ கண்பார்வையையோ குணப்படுத்தும் என்பதற்கான சான்றாக அதைக் காட்டுவது தவறு. ஆய்வுக்கூடத்தில் அடர்ந்த சாற்றை வைத்துக் காணும் விளைவும் ஒரு குவளையில் ஊறிய பத்துப் பூவின் விளைவும் ஒன்றாகிவிடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு நீலத் தண்ணீரை நம்புவது ஆபத்து.

பூ வேறு, வேரும் விதையும் வேறு என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேரும் விதையும் வயிற்றைப் போக்கும் தன்மை உள்ளவை. சித்த மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பதை வீட்டில் அரைத்துக் குடிக்கக் கூடாது. விதைக்காயைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பானத்தைத் தவிர்ப்பது நல்லது. இந்தச் செடி பூச்சிகளை விரட்ட வளைய வடிவப் புரதங்களைத் தயாரிக்கிறது. அதன் சாற்றைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் பூச்சிவிரட்டி மருந்தே செய்து விற்கிறார்கள். செடியிலிருந்து வருவதெல்லாம் உடம்புக்கு இதம் என்று எண்ணிவிட முடியாது.

வளர்ப்பு: உரம் போட்டே கெடுக்கும் செடி

விதையின் தோல் கடினமானது. அப்படியே போட்டால் சில விதை ஒரு வாரத்தில் முளைக்கும், சில வாரக்கணக்கில் கிடக்கும். விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். காலையில் உப்பியதை நடலாம். உப்பாததை இன்னொரு முறை தேய்த்து ஊறவைக்க வேண்டும். 1 முதல் 2 செ.மீ. ஆழத்தில் நட்டால் பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் முளை வரும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, இடம் மாற்றினால் வாடும். நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பது மேல்.

தொட்டி 30 செ.மீ. அகலமும் அதே ஆழமும் இருக்கட்டும். ஒரு தொட்டிக்கு 2 செடி. வேலியோரம் என்றால் 30 செ.மீ. இடைவெளி. இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மட்கிய எரு, ஒரு பங்கு ஆற்றுமணல். கொடி ஏற 2 மீட்டர் உயரத்துக்குக் கயிறோ வலையோ கட்டவும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பூ பக்கக் கிளைகளில்தான் மிகுதி.

எல்லோரும் தவறும் இடம் உரம். அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் சிறு உருண்டைகள் இருக்கும், வேர்முடிச்சு என்பார்கள். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. வீட்டில் சமையல் நடக்கும்போது வெளியிலிருந்து சாப்பாடு கொட்டினால் சமையல் நின்றுபோகும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் போட்டால் முடிச்சுகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும், கொடி இலையும் தண்டுமாகப் படரும், பூ இருக்காது. "எவ்வளவு உரம் போட்டும் பூக்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் அந்த உரம்தான் காரணம்.

பாக்கெட் மண்ணில் இந்தப் பாக்டீரியா இல்லாமல் இருக்கலாம். பயற்றங்காய் விளைந்த பாத்தியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து கலந்தால் போதும். இரண்டு மாதம் கழித்து ஓரத்தில் ஒரு வேரைத் தோண்டி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. பூக்கத் தொடங்கியபின் மாதம் ஒரு பிடி மட்கிய எரு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய பூச்செடி உரம் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. அதற்கு மேல் தேவையில்லை.

சுருக்கமாக: தழைச்சத்தைச் செடியே சம்பாதிக்கும். நாம் கொடுக்க வேண்டியது வெயில், பிடிமானம், வடியும் மண்.

வெயில் 6 மணி நேரமாவது நேரடியாக விழ வேண்டும். பிளாட் பால்கனியில் மூன்று மணி நேர வெயிலில் கொடி நூலாக நீளும், பூ எட்டிப்பார்க்காது. அதற்கு வேறு மருந்து இல்லை, இடத்தை மாற்றுவதுதான் வழி. கோலாலம்பூரின் பிற்பகல் மழையில் தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகி, அடியிலைகள் மஞ்சளாகும். ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தட்டையே எடுத்துவிடுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சிக்கல் வேறு. மழை படாத கூரைக்கு அடியில் இருக்கும் செடியின் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் இலையின் அடியைப் பாருங்கள். மெல்லிய வலையும் ஊரும் புள்ளிகளும் இருந்தால் அது சிலந்திப்பேன். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். அடுத்த இரண்டு நாள் பூவைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

விதைத்த 6 முதல் 8 வாரத்தில் முதல் பூ வரும். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், பனி உலர்ந்ததும் பறிப்பது நல்லது. பறிக்காமல் விட்டால் காய் பிடிக்கும், காய் பிடித்தால் செடியின் பலம் விதைக்குப் போய்ப் பூ குறையும்.

உலர்த்துவதில் நம் ஊர் ஈரக்காற்று பெரிய எதிரி. நிழலில் பரப்பிவைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கலாம். வெயிலில் போட்டால் நீலம் வெளிறும். ஓவனில் 50 டிகிரி செல்சியஸில், கதவைச் சற்றே திறந்துவைத்து 4 முதல் 6 மணி நேரம் வைப்பது பாதுகாப்பு. கையில் நொறுங்கும் பதம் வர வேண்டும், தோல்போல வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பூவின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதனால் 100 கிராம் பறித்தால் கைக்கு வருவது 10 கிராம் அளவே. ஒளி புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடிவைக்கவும்.

விதைக்கு மட்டும் ஒரு கிளையில் நாலைந்து காயை விட்டுவையுங்கள். காய் பழுப்பாகிக் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். வெடிக்கும் முன்பே மெல்லிய துணிப்பையை அதன் மேல் கட்டிவிட வேண்டும். பூ விரியும் முன்பே தனக்குள் மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் இனம் இது. அதனால் அடுக்கு வகையின் விதை பெரும்பாலும் அடுக்குப் பூவையே தரும், பக்கத்து வேலியில் வெள்ளை பூத்திருந்தாலும்.